ஐம்பது சதவீத டபிள்யூ.சி.

1

இந்தக் கதை எனக்கு ஓர் அறிவிப்பின் கடைசி வரியிலிருந்து கிடைத்தது. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வழியில்லை.

மீன்தொட்டி ஒன்று வாங்கி வைக்கலாமா என்று யோசித்த காலத்தில், தொட்டிமீன் வளர்ப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். உள்ளே நுழைந்ததும் ‘புதியவர்களுக்கு’ என்று ஓர் அறிவிப்பு தொங்கியது. எந்தப் புதியவருக்கும் புரிந்துவிடக் கூடாது என்று யாரோ மெனக்கெட்டு எழுதியிருந்தார். வரிக்கு நாலைந்து சுருக்கங்கள், எழுத்துக்கு எழுத்து புள்ளி வைத்து. மீன் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. கடைசி வரி இது: ‘தயவுசெய்து பிளம்பர் ஆகிவிடாதீர்கள்.’

பிளம்பர் என்றால் என்ன என்று கேட்டேன். ‘தேடிப் பாருங்க’ என்றார் ஒருவர். ‘இதுகூடத் தெரியாமலா வந்தீங்க?’ என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சிரிக்கும் மூஞ்சி போட்டார். நாலாமவர் நல்லவர். தனியாகச் செய்தி அனுப்பி, நாலு வரியில் விஷயத்தைச் சொன்னார்.

அந்த நாலு வரிதான் இந்தக் கதை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. நான் மீனும் வாங்கவில்லை, குழுவிலும் நிலைக்கவில்லை.

2

தொடக்கங்கள். எறிந்ததையும் காட்டிவிடுகிறேன். என்னை யாரும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

‘விடியலின் முதல் கதிர்கள் தொட்டி நீரில் தங்கக் கம்பிகளாக இறங்கி—’

இல்லை. தொட்டி இருப்பது குளியலறைச் சுவரை ஒட்டி. ப்ளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. கதிருக்கெல்லாம் அங்கே வேலை இல்லை.

‘நீர் என்பது மனித மனத்தின்—’

இதை எழுதிய விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கலாம்.

‘பிளம்பர் அழுதார்.’

அழவில்லை. அழுதிருந்தால் குழுவில் அதற்கும் ஒரு சுருக்கம் வைத்திருப்பார்கள்.

‘இரண்டு மீன் தொட்டியின் அடியில் படுத்துக் கிடந்தன. இரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என்ன சொல்ல வருகின்றன என்று புரியாமல் பிளம்பர் பார்த்துக்கொண்டு நின்றார்.’

இது இருக்கட்டும். சுமார்தான். ஆனால் பொய் இல்லை.

3

பிளம்பர் பிளம்பர்தான். குழாய் மாட்டுவார், கசிவு அடைப்பார், கழிப்பறைக் கோப்பை பதிப்பார். ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயது. மனைவியும் அவரும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அதை எழுதத் தொடங்கினால் இது வேறு கதையாகிவிடும், அந்தக் கதையை ஏற்கெனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

மகள் பள்ளிக்கூடம் படிக்கிறாள். அம்மாவோடு இருக்கிறாள். அவள் ஆசையாக வளர்த்த மீன்தொட்டியைப் புது வாடகை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ‘தண்ணி கசிஞ்சா யார் பொறுப்பு?’ என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். ‘எங்கப்பா பிளம்பர்’ என்று மகள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ‘அவர்தான் இந்த வீட்டுக்கு வரமாட்டாரேம்மா’ என்றாராம் வீட்டுக்காரர்.

எனவே தொட்டி அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. மகள் யாரோடு இருப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தபோது, ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளாகத்தான் வந்தாள். மீனைப் பார்க்க. வந்ததும் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். நாலு தங்கமீன். எல்லாரையும் முறைத்துக்கொண்டே சுற்றுவது டீச்சர். ஆள் வந்தால் கல்லுக்குப் பின்னால் ஒளிவது கடன்காரன். மொட்டை, புதுசு என்று இன்னும் இரண்டு. அவற்றோடு பேசுவாள். இடையிடையே அப்பாவோடும் ஓரிரு வார்த்தை பேசிவிடுவாள், தவறுதலாக.

மீன் இருக்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை இருக்கும். பிளம்பருக்கு இது நன்றாகவே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சு:

“என்னப்பா, எல்லாம் இளைச்சுப் போயிருக்கு? சாப்பாடு போடறியா இல்லையா?”

“போடறேன் பாப்பா. அளவு நீ சொல்லலையே.”

“எல்லாத்துக்கும் என்னைக் கேக்காத. கிளாஸ்ல இருக்கும்போது போன் பண்ணி ‘மீனு என்னையே பாக்குது, என்ன செய்யணும்’னு கேக்கற. மிஸ் என்னை வெளிய நிக்க வச்சிட்டாங்க.”

“பாத்துச்சு, அதான்…”

“மீன்னா பாக்கத்தான் செய்யும். இந்தா, இந்த குரூப்ல சேந்துக்க. எந்த டவுட்னாலும் இங்க கேளு. எல்லாரும் பெரிய ஆளுங்க. நானும் இதுலதான் இருக்கேன்.”

“உன் பேரைப் போட்டா வருமா?”

“அங்க யாருக்கும் பேரே கிடையாது. பட்டப்பேருதான். என்னோடது என்னன்னு சொல்ல மாட்டேன்.”

“ஏன் பாப்பா?”

“சொன்னா நான் எது எழுதினாலும் கீழ கும்பிடு போடுவ. அசிங்கமா இருக்கும்.”

போட்டிருப்பார். அதில் சந்தேகமே இல்லை.

அவள் போனதும் பிளம்பர் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது மீன்கள் கொழுகொழுவென்று இருக்க வேண்டும். காலை, மதியம், மாலை என்று கை நிறைய அள்ளிப் போட்டார். வாரம் பாதி போவதற்குள் தண்ணீர் கலங்கி நாறியது. டீச்சரும் மொட்டையும் அடியில் படுத்துவிட்டன.

4

மகளுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடும். குழுவில் சேர்ந்தார். பட்டப்பெயர் கேட்டது. ‘தொட்டிக்குப் புதுசு’ என்று போட்டார். தன்னை மகள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது ஒரு கவலை. கண்டுபிடித்துவிட்டால் அப்பா முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது என்பது இன்னொரு கவலை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது அவருக்குத் தெரியவில்லை.

எழுதினார்: ‘வணக்கம். ரெண்டு மீன் அடியில படுத்திருக்கு. ரெண்டு மேல வந்து வாயைத் திறக்குது. என்ன பண்ணலாம்?’

குழுவை நடத்தும் கடல்ராஜா வந்தார். ‘அறிவிப்பு படிச்சீங்களா?’

‘படிச்சேங்க.’

[உண்மைதான். புரிந்ததா என்று அவர் கேட்கவில்லையே.]

‘எஃப்.டி.எஸ். போடுங்க.’*

* ஃபுல் டேங்க் ஷாட். அதாவது தொட்டி முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம். ‘படம் போடுங்க’ என்றால் யாருக்கும் புரிந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

பிளம்பர் பதில் சொல்லவில்லை. அது படம் என்று தெரிந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார். படத்தைப் பார்த்தால் மகளுக்குத் தன் தொட்டி தெரியாதா?

மூணாம்தொட்டி என்று ஒருவர் வந்தார். ‘சைக்கிள் முடிஞ்சுதா?’*

 * புதுத் தொட்டியின் தண்ணீர் பழகி, மீன் வாழத் தகுந்ததாக மாறுவதற்குப் பெயர் சைக்கிள். அதை ஓட்ட முடியாது.

‘சைக்கிள் இல்லைங்க. வண்டிதான் வச்சிருக்கேன்.’

சிரிக்கும் மூஞ்சிகள் வரிசை கட்டி வந்தன. மூணாம்தொட்டி மட்டும் நாலு போட்டார். பிளம்பருக்குக் காது சூடானது. இதில் ஒரு மூஞ்சி மகளுடையதாக இருக்கலாம். அந்த நிமிடத்தில் அவர் எடுத்த முடிவு இந்தக் கதைக்கே அச்சாணி: இனிமேல் அர்த்தம் கேட்பதில்லை. எது சொன்னாலும் ‘சரிங்க’.

அப்போது பாசி என்று ஒருவர் உள்ளே வந்தார். வளவளப்பு கிடையாது. கேள்வி மட்டும். ‘டி.டி.எஸ். எவ்வளவு?’

தெரியும்! தண்ணீரில் எவ்வளவு உப்புச்சத்து கரைந்திருக்கிறது என்று பார்ப்பது. சுத்திகரிப்பான் மாட்டப் போகிற வீடுகளில் எல்லாம் அவர் பார்ப்பதுதான். பையிலிருந்து மீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டு, எண்ணைப் பார்த்து எழுதினார்.

‘பரவாயில்லையே, மீட்டரெல்லாம் வச்சிருக்கீங்க’ என்றார் பாசி.

பிளம்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அட, இவர்கள் பேசுவது நம்ம பாஷைதான். தண்ணீர், தொட்டி, குழாய், மீட்டர். கொஞ்சம் ஸ்டைலாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

டீச்சரைக் கொன்றது அழுக்குத் தண்ணீர் இல்லை. இந்தப் பாராட்டுதான்.

5

[இந்தப் பகுதியில் கதை நகராது. அவசரக்காரர்கள் ஆறுக்குப் போய்விடலாம்.]

சுருக்கங்கள் நேரத்தை மிச்சப்படுத்த வந்தவை என்கிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு, அதன் அர்த்தம் தெரியாதவனைக் கேலி செய்ய முக்கால் மணி நேரம் செலவழிக்கிற ஆட்களைப் பார்க்கிற வரைக்கும்.

சுருக்கம் என்பது உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. வெளியே நிற்கிறவனுக்குக் கதவு மட்டும் தெரியும். உள்ளே போனவன் செய்கிற முதல் காரியம், தான் வெளியே நின்றதை மறப்பது. இரண்டாவது காரியம், தாழ்ப்பாளைப் போடுவது. மாடித்தோட்டக்காரர்கள், பழைய கேமராக்காரர்கள், ஓட்டப்பந்தயக்காரர்கள், காப்பிக்கொட்டையை வறுத்து முகர்கிறவர்கள் என்று எந்தக் கூட்டத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்க வந்த இடத்தில் பரீட்சை வைப்பார்கள்.

பிளம்பர் மட்டும் ஒழுங்கா? ‘பி ட்ராப்ல ஏர் லாக் ஆகியிருக்கு மேடம், ரிட்டர்ன் அடிக்குது’ என்பார். மேடம் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும். அதைக் கொண்டுதான் அவர் பிழைப்பே ஓடுகிறது. இப்போது அதே தலையாட்டலை அவர் ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு அவர்மேல் பரிதாபம் எதுவும் இல்லை. உங்களுக்கு வருகிறதென்றால் அது உங்கள் பாடு.

6

பாசி எழுதினார்: ‘உடனே 50% டபிள்யூ.சி.’

பிளம்பர் இரண்டு முறை படித்தார். டபிள்யூ.சி. என்றால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். வீட்டு வரைபடத்தில், கடை பில்லில், தினமும் வாயில் வருவது. வாட்டர் க்ளோசெட். கழிப்பறைக் கோப்பை.*

* குழுவில் அதற்கு வாட்டர் சேஞ்ச். தொட்டியில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவது. இந்த ஒரு வரியை யாராவது அங்கே எழுதியிருந்தால் நான் இங்கே இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது.

நாலு மீன். ஐம்பது சதவீதம் என்றால் இரண்டு.

‘எதை எடுக்கணுங்க?’ என்று கேட்டார்.

‘அடியில இருக்கறதை. மேல இருக்கறதைத் தொடாதீங்க.’

அடியில் டீச்சரும் மொட்டையும்.

‘மெதுவா எடுங்க. அவசரப்பட்டா மத்ததுக்கு ஷாக் ஆயிடும்.’

‘சரிங்க.’

நியாயமாகத்தான் பட்டது. நோய் ஒட்டும், சீக்கு வந்ததைப் பிரித்தால்தான் மற்றது பிழைக்கும் என்று அவரே விளக்கமும் தயார் செய்துகொண்டார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதபோது நாம் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவரோடு வேலை செய்யும் டைல்ஸ்காரர்.

“எங்கண்ணே இருக்கீங்க? பாத்ரூம் ஆளு கத்தறான்.”

“இதோ வரேன்டா. தண்ணி குரூப்ல மாட்டிக்கிட்டேன்.”

“காலங்காத்தாலயேவா? அண்ணி இருந்தப்பகூட நீங்க இப்படி இல்லையேண்ணே.”

“டேய், இது மீனு தண்ணி. சரி, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. டபிள்யூ.சி.ன்னா என்ன?”



“என்னண்ணே, உடம்பு சரியில்லையா? நேத்துதானே ரெண்டு பேருமா ஒண்ணு மாட்டினோம்?”

“வேற எதாவது அர்த்தம் இருக்குமாடா?”

“இருக்கறதே ஒரு அர்த்தம். அதுல உக்காந்தா வேலை முடிஞ்சுது. நீங்க முதல்ல கிளம்பி வாங்க.”

பிளம்பர் ஒரு குவளையை எடுத்தார். டீச்சர் அதிகம் அலையவில்லை. குவளைக்குள் வந்ததும் முறைத்தது. எப்போதும் முறைக்கிற முறைப்புதான். மொட்டை நழுவி நழுவிப் போய், கடைசியில் வந்தது. மெதுவாக எடுக்கச் சொன்னதால் மெதுவாக எடுத்தார்.

குளியலறைக்குப் போய் ஊற்றினார். ஃப்ளஷை அழுத்தினார். ஒரே அழுத்தில் போயிற்று. அவர் கையால் மாட்டியது, குறை சொல்ல முடியாது.

பிறகு குழுவில் எழுதினார்: ‘பண்ணிட்டேன்.’

பாசி கட்டைவிரலை உயர்த்தினார்.

7

இப்போது நீங்கள் கையைத் தூக்குவது தெரிகிறது. ‘எவ்வளவு பெரிய மடையனாக இருந்தாலும் உயிரோடு இருக்கிற மீனைக் கொண்டுபோய்—’

சரி. மாற்றி எழுதிப் பார்க்கிறேன்.

‘பிளம்பர் கேட்டார்: டபிள்யூ.சி. என்றால் என்னங்க? பாசி சொன்னார்: தண்ணி மாத்தறது. பிளம்பர் தண்ணீரை மாற்றினார். மீன் நீந்தியது.’

முடிந்தது. படித்தீர்களா? நன்றாக இருக்கிறதா? இதற்கு யாராவது உட்கார்ந்து கதை எழுதுவார்களா?

ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிடைத்த நாலு வரியில் மகள் இல்லை. ஒரு பிளம்பர், ஒரு சுருக்கம், இரண்டு மீன், ஊரே சிரித்தது. அவ்வளவுதான். எழுத உட்கார்ந்தபோது நானும் உங்களைப் போலத்தான் கேட்டேன்: ஏன் இந்த ஆள் ஒரு வார்த்தை கேட்கவில்லை? மடையன் என்று எழுதிவிட்டுப் போகலாம். குழுவில் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். ஆனால் கேட்பதற்கு வாய் இருந்தும் ஒருவன் கேட்காமல் இருக்கிறான் என்றால், தான் கேட்பதை யாரோ ஒருத்தர் பார்த்துவிடக் கூடாது என்றுதான் இருக்கும். அந்த யாரோவைத் தேடினேன். முதலாளி, மனைவி, மாமனார் என்று உட்கார வைத்துப் பார்த்தேன். யாரும் பொருந்தவில்லை. ஸ்டூலில் ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். பொருந்தியது.

இப்போது அவளை எழுந்து போகச் சொல்ல முடியவில்லை. என் கஷ்டம் எனக்கு.

8

இரண்டு மீனை அனுப்பியும் தண்ணீர் தெளியவில்லை. எப்படித் தெளியும்? மறுநாள் காலையில் புதுசும் அடியில் படுத்துவிட்டது.

பிளம்பர் எழுதினார்: ‘நேத்து சொன்னபடி செஞ்சேன். ரெண்டு போயிடுச்சு. இப்ப இன்னொண்ணும் படுத்துடுச்சு.’

மூணாம்தொட்டி: ‘அடடா. லேட்டா பண்ணியிருப்பீங்க.’

பாசி: ‘வருத்தமா இருக்கு. இன்னொரு 50% பண்ணுங்க.’

இரண்டில் பாதி ஒன்று. கடன்காரன் கல்லுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. பிளம்பர் குவளையை எடுத்தார். கீழே வைத்தார். ‘சரிங்க’ என்று அடித்தார். அழித்தார். அந்த வார்த்தை இந்த முறை கைக்கு வரவில்லை.

‘இருக்கறதே ரெண்டுதாங்க. பாதின்னா ஒண்ணு. ஒண்ணு நல்லாத்தான் நீந்துது. கட்டாயம் விட்டுத்தான் ஆகணுமா?’

கடல்ராஜா வந்தார். ‘என்ன ஒண்ணு? எதை விடணும்?’

‘மீனைத்தாங்க.’

‘எதுல?’

‘டபிள்யூ.சி.லதான்.’

‘புரியல. படம் போடுங்க. படம் போடாதவங்களுக்கு இங்க பதில் கிடையாது.’

இப்போது அவருக்கு மகளைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஒரு மீனைக் காப்பாற்றியாக வேண்டும். வேலை எடுக்கும் எல்லா வீட்டிலும் செய்வதுபோல, தெளிவாக, வெளிச்சத்தில், இரண்டு படம் எடுத்தார். ஒன்று தொட்டி. இன்னொன்று கழிப்பறைக் கோப்பை, மூடி திறந்தபடி. கீழே எழுதினார்:

‘இதுல இருந்த ரெண்டை இதுல விட்டேன். நான் பிளம்பருங்க. எங்க லைன்ல டபிள்யூ.சி.ன்னா இதுதான். உங்க லைன்ல வேற ஏதாவது இருந்தா சொல்லிடுங்க.’

[இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்க மௌனத்தை வர்ணித்திருந்தேன். கிழித்துவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான்.]

பிறகு வெடித்தது. சிரிக்கும் மூஞ்சி, விழுந்து சிரிக்கும் மூஞ்சி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி. வாழ்நாளில் எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள்கூட எழுந்து வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். மூணாம்தொட்டி கோப்பையின் படத்துக்குக் கீழே ‘எஃப்.டி.எஸ். சூப்பர்’ என்று எழுதினார். அதற்குத் தனியாக ஒரு சுற்றுச் சிரிப்பு. யாரோ ‘இனிமே யாரும் பிளம்பர் ஆகிடாதீங்கப்பா’ என்று எழுத, கடல்ராஜா அதை அப்படியே எடுத்து அறிவிப்பின் கடைசியில் சேர்த்தார். விளக்கம் இல்லாமல்.

ஆக, பாஷை தெரியாமல் உள்ளே வந்தவர் பாஷையிலேயே ஒரு சொல்லாகிவிட்டார். இதைவிட நல்ல வரவேற்பு ஒரு புதியவருக்குக் கிடைக்காது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் ‘பாசி எழுதுகிறார்’ என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. நின்றது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது. அதைப் பாசி எழுதவில்லை, குழுவே எழுதியது: ‘பாசி குழுவிலிருந்து வெளியேறினார்.’

யாரும் கவனிக்கவில்லை. பிளம்பர் கவனித்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ‘தண்ணியை மாத்தறதுங்க’ என்று விளக்கினார். பிளம்பர் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார். புதுசு பிழைத்தது. கடன்காரன் மறுபடியும் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

9

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

அ) ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. மீன்கள் இரண்டும் காலி ஸ்டூலைப்—

இதைப் பத்திரிகைகள் போடும். அதனாலேயே வேண்டாம்.

ஆ) அவள் வந்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். இருவரும் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு மீன்—

டீச்சர் செத்துப்போயிருக்கிறது. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா எனக்கு?

இ) அவள் அந்தக் குழுவிலேயே இல்லை. அப்பா தொல்லை செய்யக் கூடாது என்று சும்மா சொன்னாள்.

இது கெட்டிக்கார முடிவு. கெட்டிக்கார முடிவு எழுதுகிற நாளில் நான் கண்ணாடி பார்ப்பதில்லை.

10

மூன்றையும் விட்டுவிட்டு, நடந்திருக்கக் கூடியதை எழுதுகிறேன். எதுவரை தெரிகிறதோ அதுவரை.

அவள் வந்தாள். வழக்கமான நேரத்துக்குத்தான். செருப்பைக் கழற்றினாள். தொட்டியைப் பார்த்தாள். ஸ்டூலை இழுக்கவில்லை. பிளம்பர் சொல்வதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தார். அதில் முதல் வார்த்தை ‘பாப்பா’. மீதி எல்லாம் மறந்துவிட்டது.

“பாப்பா…”

“பாத்ரூம் போயிட்டு வரேன்” என்றாள்.

போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தண்ணீர்ச் சத்தம் இல்லை. குழாய்ச் சத்தம் இல்லை. அந்த வீட்டில் எந்தக் குழாய் எப்போது திறந்தாலும் அவருக்குக் கேட்கும். எதுவும் கேட்கவில்லை. நேரம் போனது. அவர் கதவருகே போய் நின்றார். அவள் எதன் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

நாலு நாளாக அவர் மண்டையில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அவள் யார்? நாலு மூஞ்சி போட்ட மூணாம்தொட்டியா? எழுந்து வந்து சிரித்துவிட்டுப் போன கூட்டத்தில் ஒருத்தியா? அப்படியென்றால், படத்தில் இருப்பது தன் தொட்டி என்று தெரிந்தும் சிரித்தாளா, தெரிவதற்கு முன்னால் சிரித்தாளா? இல்லை, பாசியா? பாசி என்றால், டீச்சரை அனுப்பச் சொன்னது அவள்தான். அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது அவள்தான். கை இவருடையது, வார்த்தை அவளுடையது.

சிரித்தவளாக இருந்தால் அடுத்த வாரம் வந்தாலும் வருவாள், வராமலும் போவாள். இவர் பட்ட அவமானம் இவரோடு போகும். பாசியாக இருந்தால் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிற குழந்தையிடம் இவர் என்ன சொல்லித் தேற்றுவார்? எது தேவலை என்று அவரால் சொல்ல முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. ஒரு கட்டத்தில், தன்னை முட்டாளென்று நினைத்துச் சிரித்த ஒருத்தியாகவே அவள் இருந்துவிடட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதாக எழுதினேன். அது மட்டும் இந்தக் கதையில் நான் அடித்துத் திருத்தாமல் விட்ட வரி.

பிளம்பர் கதவைத் தட்டினார். குழுவில் முதல் நாள் கேட்க வாய் வராத மாதிரியான கேள்வியை, சுற்றி வளைக்காமல், கேட்டுவிட்டார்.

“பாப்பா. அங்க நீ யாரு?”

உள்ளே அசைவு. பிறகு அவள் சொன்னாள்.

“[                    ]”

அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். எழுதினால் அவளும் நாளைக்கு ஒரு அறிவிப்பின் கடைசி வரியாகிவிடுவாள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சொல்தான். சுருக்காமல் எழுதுங்கள்.